கொடும்பாவிக்குக் கொள்ளி வைத்தவர்

அன்புள்ள மகனுக்கு,

அன்றைக்குச் சந்தியில் நின்றவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். கொடும்பாவியைக் கட்டின நல்லதம்பி. அதன் தலைமாட்டில் நின்று ஒப்பாரி சொன்ன பரமேஸ்வரி. தகரப் பீப்பாவைத் தட்டிக்கொண்டு முன்னால் போன குணமும் அவன் தம்பியும். கடையைப் பாதி சாத்திவிட்டு வாசலுக்கு வந்த கந்தசாமி. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு பார்த்த சிவபாதம் மாஸ்டர். தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து குடியேறின நம்முடைய சனத்தில் ராக்கம்மா ஒருத்திதான் வந்திருந்தாள், அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உன் அப்பா. நான். பிறகு நீ. உன் கதையில் "ஊரே திரண்டு நின்று சிரித்தது" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறாய். ஊர் என்று ஒரு ஆளை நான் இன்றுவரைக்கும் கண்டதில்லை. ஊர் சிரித்தது என்று எழுதிவிட்டால் ஒருவரும் சிரிக்கவில்லை என்று ஆகிவிடும். சிரித்த வாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயர்கள் மறக்கவில்லை.

உன் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். என் தம்பி மகள் செல்வி போன கிழமை எல்லை தாண்டப் பாஸ் எடுத்து வவுனியாவில் இருந்து வந்தாள். உன் கல்யாணக் கூறைச் சேலையின் நிறம் காட்ட ஒரு துண்டுத் துணியும், உன் கதை அச்சடித்து வந்த புத்தகமும் கொண்டுவந்தாள். கதைக்குப் பரிசு கிடைத்ததாம். உன் கூட்டாளிகள் அதை நாடகமாக்கிப் பழகுகிறார்களாம். பூவரசங்குளத்தில் பெண் வீட்டில் தாலிகட்டு முடிந்த பின்னேரம் பந்தலிலேயே போடப் போகிறார்களாம். சிவபாதம் மாஸ்டர் இப்போது வவுனியாவில் இருக்கிறாராம், அவர்தான் தலைமை தாங்கிப் பேசப் போகிறாராம். அப்பாவுக்கு முன் வரிசையில் கதிரை. அவருக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது, திடீரென்று தன்னையே மேடையில் கண்டு அவர் சிரிக்கிறதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னாயாம். இதைச் சொல்லும்போதே செல்விக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் சிரிக்கவில்லை. மகன், வளைத்து வளைத்து எழுத எனக்குத் தெரியாது. அந்த நாடகம் உன் கல்யாண வீட்டில் நடக்கக் கூடாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். உன் கதையை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க எனக்கு இரண்டு பகல் போனது. வேகமாக வாசிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிற இடத்தில் எல்லாம் நான் நின்று நின்று போனேன். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரித்தான் எனக்கு வாசிப்பு. அதனால் உன் கதையில் என்னென்ன இருக்கிறது என்பதைவிட என்னென்ன இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கதையில் ஒரு தொப்பை வயிற்றுக்காரர் இருக்கிறார். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிறவர். அசட்டு மனிதர். மழை இல்லை என்று ஊர் கட்டின கொடும்பாவி தன்னைப் போலவே இருக்கிறதைக் கண்டு பூரித்துப்போய், நெருப்புப் பெட்டியைப் பறித்துத் தானே கொளுத்துகிறார். உடனே இடி இடித்து மழை கொட்டுகிறது. எல்லாரும் ஆடுகிறார்கள். நன்றாக எழுதியிருக்கிறாய், இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தச் சந்தியின் புழுதிகூட அப்படியே இருக்கிறது. ஆனால் உன் அப்பாவுக்கு வயிறு எந்தக் காலத்தில் இருந்தது? விலா எலும்பை எண்ணலாம். சிரிப்புக்காக ஒரு வயிற்றை ஒட்டவைத்தாய். அதில் இருந்துதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது.

உன் கூட்டாளிகளுக்கும் பெண் வீட்டாருக்கும் தெரியாது என்பதால் அந்த வருஷத்தைத் திருப்பிச் சொல்கிறேன். நீயும் ஒருதரம் கேள், உனக்கு அப்போது பத்தொன்பது வயது, தெரியாத வயது இல்லை. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் விட வேண்டும். வட்டக்கச்சியில் எங்கள் வாய்க்காலுக்கு உன் அப்பாவைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காணி எடுத்த பெரிய கமக்காரர்கள் இருக்கிற இடத்தில், கூலிக்கு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு தோட்டக்காட்டு மனிதனிடம் வாய்க்கால் கதவைத் திருப்புகிற கைபிடியைக் கொடுத்தார்கள் என்றால் காரணம் ஒன்றுதான். அவர் ஒருவருக்கும் சொந்தம் இல்லை, ஆகவே ஒருவருக்கும் சார்பு இல்லை. நல்லதம்பியின் காணி வாய்க்காலின் தலைப்பில் இருந்தது. அவர் ஒரு முறை கூடுதலாகக் கேட்டார். உன் அப்பா முடியாது என்று சொல்லிவிட்டு, வாய்க்காலின் கடைசியில் குத்தகைக்கு விதைத்திருந்த ராக்கம்மா வீட்டுக்குத் தண்ணீரைக் கொண்டுபோனார். நல்லதம்பி அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. சிரித்தார். "பரவாயில்லை, வாய்க்காலார் நீதிமானெல்லோ" என்றார். நான் அப்போது வரம்பில் புல்லுச் செருக்கிக்கொண்டு நின்றேன். ஏசினால் நான் பயந்திருக்க மாட்டேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அது எங்கேயோ கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கிற சிரிப்பு.

பிறகு ஐப்பசி மழையும் வரவில்லை. விதைத்தது மண்ணுக்குள்ளேயே கருகியது. அப்போதுதான் கொடும்பாவி இழுக்கிறது என்று முடிவெடுத்தார்கள். மழை பொய்த்தால், ஊரில் எங்கேயோ ஒரு மகா பாவி இருக்கிறான், அவனைக் கண்டுதான் வானம் முகம் திருப்பிவிட்டது என்று சொல்லி, வைக்கோலில் ஒரு உருவம் கட்டி, செத்த வீட்டுக்குச் செய்கிறது எல்லாம் செய்து, தெருத் தெருவாக இழுத்துப்போய் ஊர் எல்லையில் கொளுத்துகிற வழக்கம். செத்தவன் பொய், அழுகையும் பொய், சிரிப்பு மட்டும் மெய். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, அதை உன் கதையில் காணவில்லை. அந்த உருவத்துக்கு முகம் வைக்கக் கூடாது. உயிரோடு இருக்கிறவர் உடுக்கிற மாதிரி ஒன்றும் உடுத்தக் கூடாது. கிழிந்த சாக்கைத்தான் சுற்றுவார்கள். அது ஒருவனுடைய பாவம் இல்லை, எல்லாருடையதும் அதில் ஏற வேண்டும். அப்போதுதான் சிரிக்கிறவன் தன்னைப் பார்த்தும் சிரிக்கிறான். முகம் இல்லாத வரைக்கும் அது பகிடி. முகம் வைத்தால் அது வேறு.

அந்த முறை நல்லதம்பி முகம் வைத்தார். கண்ணும் மூக்கும் இல்லை, அதைவிடத் தெளிவாக. சிவப்புக் கரைத் துவாய் ஒன்றை, தோட்டத்தில் கட்டுகிற மாதிரி இடது காதுக்கு மேலே முடிச்சு வரும்படி தலையில் கட்டினார். தோளில் ஒரு மண்வெட்டி. கையில் வளைந்த இரும்புக் கம்பி, கதவு திருப்புகிற கைபிடி மாதிரி. வேலி ஓரத்தில் நின்ற நான் அதைக் கண்டதும் ஒரு அடி முன்னுக்கு வந்தேன். எல்லாரும் உன் அப்பாவைத் தேடினார்கள். அவருடைய தலையிலும் அதே துவாய், அதே முடிச்சு. பரமேஸ்வரி நெஞ்சில் அடித்துக்கொண்டு தொடங்கினாள்:

"குளத்துத் தண்ணி குடிச்சவரே – எங்கட
வாய்க்காலைத் திண்டவரே
மேட்டுக் காணி காயேக்கை – கதவு
மூடிவிட்டுப் படுத்தவரே"

நல்லதம்பி கொடும்பாவிக்குப் பின்னால் நின்று அதன் கையை ஆட்டி, எங்கள் பேச்சில் பேசிக் காட்டினார். "நான் தண்ணிய விட்டுட்டேனுங்க, அதுதான் வர மாட்டேங்குதுங்க." அப்போதுதான் சந்தி உடைந்தது. கந்தசாமி சிரித்தார், குணம் பீப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான், மாஸ்டர் சைக்கிள் கைபிடியில் குனிந்து சிரித்தார். உன் அப்பா எல்லாரையும் ஒருதரம் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

மகன், நக்கல் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஒருவன் நேரே வந்து "நீ தண்ணீர் களவெடுத்தாய்" என்று சொன்னால் நீ இல்லை என்று சொல்லலாம். கணக்குக் காட்டலாம், கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணலாம். நக்கலுக்கு என்ன பதில் சொல்வது? சொன்னவனே சொல்லவில்லை என்கிறான். கோபித்தால், "பார், குத்துது, அப்ப உண்மைதான்" என்பார்கள். சிரித்தால், "பார், அவரே ஒத்துக்கொண்டார்" என்பார்கள். பேசாமல் நின்றால் முகம் கறுத்துவிட்டது என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் அங்கே ஒருவன் நின்று சிரிப்பான். மனிதர்கள் கண்டுபிடித்ததில் இதைவிடக் கெட்டித்தனமான பொறி இல்லை. இதிலே அடிபட்டவன்தான் கடைசியில் "பகிடிதானே" என்று சொல்லி எல்லாரையும் சமாதானப்படுத்த வேண்டும்.

ஊர் எல்லைக்கு வந்ததும் நல்லதம்பி கேட்டார். "கொள்ளி வைக்க ஒரு ஆள் வேணுமே. செத்தவருக்குப் பிள்ளையள் ஒண்டும் இல்லையோ?" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நல்லதம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், இந்த முகத்தை மறக்கக் கூடாது என்று. அதற்குள் உன் அப்பா முன்னுக்குப் போய் அவருடைய கையில் இருந்த நெருப்புப் பெட்டியைப் பறித்தார். "அட, எதுக்குங்க புள்ளைங்க? என் பாவத்தை நானே கொளுத்திக்கிறேன்" என்று பெரிய சத்தமாகச் சிரித்துக்கொண்டு பற்றவைத்தார். அதற்குக் கிடைத்த சிரிப்பு அதுவரைக்கும் கிடைத்த எல்லாச் சிரிப்பையும்விடப் பெரியது. உன் கதையிலும் அந்த இடம்தான் உச்சம். நாடகத்திலும் அதற்குத்தான் கை தட்டுவார்கள் என்று செல்வி சொன்னாள். நீ வாயை எழுதினாய். நான் கையைப் பார்த்தேன். ஒரு கை நெருப்பை வைத்தது. மற்றக் கை உடுத்தியிருந்த சாரத்தின் முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தது, யாரோ உரியப்போகிற மாதிரி.

அது முடிந்து சில நாளில் மழை வந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வராமல் போயிருந்தால் பகிடி பகிடியாகவே செத்திருக்கும். வாய்க்கால் நிரம்பி வரம்பு உடைத்துக்கொண்டு ஓடிய மழை. "வாய்க்காலாரைக் கொளுத்தினதும் மழை வந்திட்டுது" என்று கந்தசாமி கடையில் சிரித்தார்கள். முதலில் சிரித்துச் சொன்னார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். அடுத்த போகத்துக்குக் கூட்டம் வைத்தபோது உன் அப்பாவின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. கதவுக் கைபிடி நல்லதம்பியின் மைத்துனன் கைக்குப் போனது. அந்த முறை ராக்கம்மா வீட்டுக் காணிக்குத் தண்ணீர் போகவே இல்லை. அது உன் கதையில் இல்லை, மகன். அதில் சிரிப்பு இல்லை, அதனால் விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு உன் அப்பா தலையில் துவாய் கட்டி நீ பார்த்திருக்கிறாயா? தோளில்தான் போடுவார். வெயிலில் வேலை செய்கிற ஒரு மனிதன் ஏன் தலையைத் திறந்துகொண்டு போகிறான் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை.

நான் ஒருவரிடம் மட்டும் போய்க் கேட்டேன். சிவபாதம் மாஸ்டர் படித்தவர், உனக்குக் கதை எழுதச் சொல்லிக் கொடுத்தவர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நல்லதம்பி அந்தத் துவாயை அவிழ்த்திருப்பார். அவருடைய வீட்டுப் படலையில் நின்று, நீங்களும் சிரிச்சீங்களே மாஸ்டர் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். "இதுக்கு அங்கதம் எண்டு பேர், அம்மா. இலக்கியத்திலை நெடுக இருக்கிறதுதான். பெரிய ஆக்களைக் குத்திக் காட்டுறதுக்குத்தான் பகிடி."

"எங்க வீட்டுக்காரர் எந்த ஊருக்குப் பெரிய ஆள், மாஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பகிடியைப் பகிடியா எடுக்கப் பழகவேணும். அவரே சிரிச்சவர். நீங்கள் ஏன் தூக்கிப் பிடிக்கிறியள்?" என்றார்.

அவரே சிரித்தவர். பார்த்தாயா? அந்த ஒரு வார்த்தையைத்தான் எல்லாரும் வைத்திருக்கிறார்கள். நல்லதம்பியும் அதையே சொன்னார், கந்தசாமியும் அதையே சொன்னார். இப்போது செல்வி வந்து, "அத்தான் சொன்னவர், மாமாவே சிரிச்சவராம், அவர் கோவிக்க மாட்டாராம்" என்கிறாள்.

பகிடியே தெரியாத கிழவி என்று நினைக்காதே. தோட்டத்தில் கூத்து ஆடும்போது கோமாளி முதலில் தன்னுடைய கிழிந்த உடுப்பையும் தன்னுடைய பெண்சாதியிடம் தான் வாங்கின அடியையும் சொல்லித்தான் தொடங்குவான். தன்னை இறக்கிவைத்த பிறகுதான் ராசாவிடம் போவான். அதனால்தான் அவன் என்ன சொன்னாலும் ராசா பொறுத்துக்கொள்கிறார். உன் கதையில் நீ எங்கே நிற்கிறாய்? தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாரும் இருக்கிறார்கள், பத்தொன்பது வயதில் ஒரு மகன் மட்டும் அந்தச் சந்தியில் இல்லை. கதை சொல்கிறவன் தன்னை மட்டும் ஒளித்து வைத்தால் நான் அந்தக் கதையை நம்ப மாட்டேன்.

நல்ல பகிடியும் நான் கேட்டிருக்கிறேன், அதுவும் உன் அப்பாவின் வாயில் இருந்துதான். சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடிப்போய்க் காட்டோரத்தில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்த காலத்தில், குண்டு போடுகிற பிளேன் சரியாக நாங்கள் சோற்றுப் பானையை இறக்குகிற நேரம் பார்த்து வரும். தூரத்தில் சத்தம் கேட்டதும் அவர், "மாப்பிள்ளை வர்றார், சாப்பாட்டு நேரத்துக்கு ஒருநாளும் தப்ப மாட்டார், பாயை எடுங்க" என்பார். பாயைச் சுருட்டிக்கொண்டு வெட்டி வைத்த பங்கர்க் குழிக்குள் இறங்குவோம். உள்ளே இருந்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் வயிறு நிறையல்ல போல, சுத்திச் சுத்தி வர்றார்" என்பார். அழுதுகொண்டு இருந்த ராக்கம்மாவின் மருமகள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி சிரித்தாள். அந்தப் பங்கரில் நல்லதம்பியின் மனுசியும் இருந்தாள், அவளும் சிரித்தாள், நான் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து இருந்தேன். அந்தச் சிரிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொன்னவரும் அந்தக் குழிக்குள்ளேதான் இருந்தார். குண்டு விழுந்தால் அவர் மேலும்தான் விழும். குழிக்குள் இருந்து சொல்கிறதும், குழியின் கரையில் நின்று உள்ளே பார்த்துச் சொல்கிறதும் ஒரே வார்த்தையாக இருக்கலாம். ஒரே பகிடி இல்லை.

நீ கல்யாணம் முடிக்கப் போகிறாய், ஆகையால் இன்னும் ஒன்று. உன் பெண்சாதி கறியில் உப்பைக் கூட்டிவிட்டால் அவளிடமே சொல்லிச் சிரி. அவளும் சிரிப்பாள், இல்லாவிட்டால் அகப்பையால் எறிவாள், இரண்டும் நல்லது. உன் கூட்டாளிகள் வந்து பாயில் இருக்கும்போது, "எங்கட வீட்டிலை உப்புக்குப் பஞ்சமில்லை" என்று சொல்லாதே. அவளும் குசினியில் இருந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பாதே. ஒரு பகிடியை அந்த ஆளிடம் தனியாக, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் சொல்ல முடியும் என்றால் அது பகிடி. கேட்கிறதுக்கு நாலு பேர் வேண்டும் என்றால் அந்த நாலு பேரும் எதற்கு என்று முதலில் யோசி. எனக்கு இதை ஒரு புத்தகமும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கடிதத்தை நான் இவ்வளவோடு நிறுத்திச் செல்வியின் கையில் கொடுத்துவிடத்தான் இருந்தேன். உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமலே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நேற்றுக் காலையில் கிணற்றடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், மாமரத்துக்குக் கீழே செல்வி புத்தகத்தை வாசிக்கிறாள், அவர் குந்தி இருந்து கேட்கிறார். அவருக்கு இப்போது கண் மங்கல், அவர்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம், நாடகத்தையும் அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாளாம். கடைசிப் பக்கம். நெருப்புப் பெட்டியைப் பறிக்கிற இடம். நான் குடத்தோடு அப்படியே நின்றேன். வாசித்து முடித்ததும் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார், மகன். அதே சிரிப்பு, கொஞ்சமும் மாறவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கான். நாடகம் போடட்டும், புள்ள. தேவைன்னா நானே மேடையில ஏறிக் கொளுத்துறேன்" என்றார். செல்வியும் சிரித்தாள். ஆக, நீ கேட்காமலே உனக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது.

செல்வியைக் கடைக்கு அனுப்பினேன். சிரிப்பைக் கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில், இத்தனை வருஷமும் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு ஏன் சிரிச்சீங்க? ஏன் போய் அந்தப் பெட்டியைப் பறிச்சீங்க?"

அவர் வேலிக்குக் கதியால் கம்பு நடுகிறேன் என்று எழும்பப் பார்த்தார். நான் வழியை விடவில்லை. கடைசியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நல்லதம்பி புள்ளைங்க இல்லையான்னு கேட்டாரில்ல, அப்ப நம்ம பய கால எடுத்து வச்சுட்டான், புள்ள. சிரிச்சுக்கிட்டே வந்தான். நீ பார்க்கல. எல்லாரும் சிரிக்கிறாங்க, அவனுக்கு என்ன தெரியும்? அவன் வச்சிருந்தான்னா, நாளைக்கு எனக்கு நெசமா வைக்கும்போது அவனுக்கு எப்படி இருக்கும்? அதான் முந்திக்கிட்டேன். நான் சிரிக்காம பறிச்சிருந்தா அவனுக்கு வெளங்கியிருக்கும். வெளங்கக் கூடாதுன்னுதான் சிரிச்சேன். இதை அவன்கிட்ட சொல்லிடாத."

சொல்லிவிட்டேன். நீ கதையில் ஒளித்து வைத்த மகன் எங்கே நின்றான் என்று இப்போது எனக்குத் தெரியும். நீ ஒளிக்கவில்லை, உனக்கே தெரியாது என்றுகூட இருக்கலாம். நெருப்புப் பெட்டியைப் பறித்தது அசட்டுத்தனம் என்று நீ எழுதினாய். பரிசும் வாங்கினாய். இனி அதைப் பந்தலில் போடுகிறதும் விடுகிறதும் உன் விருப்பம் என்று நான் எழுத மாட்டேன். போடாதே. அவர் சிரித்துக்கொண்டு கொடுத்த சம்மதத்தை எடுக்காதே. முதலில் நீ பாஸ் எடுத்து இங்கே வா, வந்து அவருக்குப் பக்கத்தில் இரு, மாஸ்டரும் கூட்டாளிகளும் இல்லாமல். அப்போதும் அவர் சிரித்தால் கையைப் பார்.

மன்னிக்கிறதைப் பற்றி ஒரு வார்த்தை, பிறகு முடிக்கிறேன். பரமேஸ்வரி எங்கள் பங்கர் வாசலில் செத்துப்போனாள், அவளுக்கு நான் மெய்யாகவே அழுதேன், அந்தக் கணக்கு முடிந்தது. நல்லதம்பிக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு காரணம் இருந்தது. காரணம் இருக்கிற எதிரியோடு பகை வைத்துக்கொண்டே இருந்துவிடலாம், அது பெரிய பாரம் இல்லை. சிவபாதம் மாஸ்டருக்கு என் மன்னிப்புத் தேவையில்லை, அவர் படித்த புத்தகங்கள் போதும். நீ பத்தொன்பது வயதில் வைத்த காலடியை நான் பெற்ற வயிறு நேற்றே மன்னித்துவிட்டது. ஆனால் நீ வெட்கப்பட வேண்டிய இடத்தில் உன்னை வெட்கப்படவிடாமல், தான் ஒரு கோமாளியாகி உன்னை மறைத்து, சிரித்த எல்லாருக்கும் "அவரே சிரித்தவர்" என்று ஒரு சாட்டுப்போக்கைக் கொடுத்து, இத்தனை வருஷம் என்னை மட்டும் தனியாகக் கோபத்தோடு விட்டுவைத்த ஒரு மனிதர் இருக்கிறார். பக்கத்தில் படுத்து எழும்பியும் எனக்குச் சொல்லாதவர். இப்போதும் வெளியே கதியால் நட்டுக்கொண்டு நிற்கிறார், தலையில் துவாய் இல்லாமல், கொதிக்கிற வெயிலில். நான் போய்க் கட்டிவிட்டு வரப்போகிறேன், அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தாலி கட்டின நாளில் இருந்து என் வாயால் சொல்லாத, எழுதியும் பார்க்காத பெயர். நான் மன்னிக்க மாட்டாத அந்த ஒரு ஆள், மாரிமுத்து.